என்கிளெக்ஸில 'முதல்ல யாரைப் பாப்பீங்க, எந்த வேலைய யாருக்குக் குடுப்பீங்க' கேள்விகள்: புதுசா படிக்கிறவங்களுக்கு

மருந்து, லேப் அளவுகள், வருத்தங்களிட அறிகுறி எல்லாம் தலைகீழா சொல்லுற பிள்ளைகள் கூட என்கிளெக்ஸ் எண்ட நேர்ஸ் லைசன்ஸ் சோதனைக்குப் பயிற்சி செய்யேக்க ஒரு இடத்தில நிண்டுடுறாங்க. நாலு பேஷன்ட்ட தந்து முதல்ல யாரிட்ட போவீங்க எண்டு கேக்கும், இல்லாட்டி நாலு வேலைய தந்து இதில எத உதவியாளருக்குக் குடுக்கலாம் எண்டு கேக்கும், நாலு விடையும் சரி மாதிரியே இருக்கும், கடைசில மனசுக்குப் பட்டத தட்டிட்டு அடுத்ததுக்கு போறது தான் நடக்குது. ஆனா முறை விளங்கினா ஆகக் கெதியா முன்னேறக்கூடிய பகுதியும் இதுதான், ஏனெண்டா மருந்துப் பேர் மாதிரி ஆயிரம் விஷயம் பாடமாக்கத் தேவையில்ல, ஒரே யோசனையத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறது தான். வேலைய மத்தவங்களுக்குக் குடுக்கலாம், தீர்மானத்தக் குடுக்க ஏலாது. எந்த இடத்தில ரெஜிஸ்டர்ட் நேர்ஸ், அதாவது ஆர்.என்., பாத்து யோசிச்சு முடிவெடுக்கணுமோ அங்க நீங்க நிக்கணும், முடிவெடுக்கத் தேவையில்லாத இடத்துக்கு வேற ஆள அனுப்பலாம். 'முதல்ல யாரைப் பாப்பீங்க' எண்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதே தான், இந்த நிமிஷம் உங்கட தீர்மானம் போய்ச் சேராட்டி யாருக்கு ஆகக் கூட நட்டம் எண்டு தான் கேக்குது.

சோதனையப் பத்தி கொஞ்சம் சொல்லிட்டுப் போறன். அமெரிக்காவில நேர்ஸ் லைசன்ஸுக்கு என்கிளெக்ஸ் ஆர்.என். தான் சோதனை, கனடாவிலயும் 2015-ல இருந்து பெரும்பாலான மாகாணங்கள்ல இதுதான், அவுஸ்திரேலியாவும் 2020-ல இருந்து வெளிநாட்டில படிச்ச நேர்ஸ்மாருக்கு இதப் பாவிக்குது. 2023 ஏப்ரல்ல புது வடிவம் வந்தது, குறைஞ்சது 85 கேள்வி, கூடினது 150, நேரம் 5 மணித்தியாலம், நீங்க விடை சொல்லச் சொல்ல கம்பியூட்டர் அடுத்த கேள்வியிட கஷ்டத்தக் கூட்டியோ குறைச்சோ தரும், தாண்டிப் போன கேள்விக்குத் திரும்பி வர ஏலாது. அந்த 2023 பாடத்திட்டத்தில 'மெனேஜ்மென்ட் ஒஃப் கெயார்' எண்டு ஒரு பிரிவு இருக்கு, 15 இலிருந்து 21 வீதம், எல்லாப் பிரிவிலயும் பெரிசு அதுதான், நாங்க இங்க கதைக்கிற கேள்விகள் கனக்க அதுக்குள்ள தான் வரும்.

இப்ப எங்கட ஆக்கள் ஏன் இதில சறுக்குறாங்க எண்டத சொல்லணும், அது அறிவு குறைவு இல்ல, வேலை செஞ்ச இடம் வேற எண்டது தான். திருகோணமலையிலயோ கந்தளாய், மூதூர் பக்கமோ ஒரு வாட்டில நைட் டியூட்டி செஞ்ச ஆளுக்குத் தெரியும், வாட் நிறைய ஆக்கள், கையில ரெண்டு மூண்டு மிஸ்ஸிமார் (நேர்ஸ்மார்), ஊசியும் மிஸ்ஸி தான், சேலைன் மாத்துறதும் மிஸ்ஸி தான், பேஷன்ட்டிட குறிப்பு டிக்கெட் எழுதுறதும் மிஸ்ஸி தான். சாப்பாடு தீத்துறது, உடம்பு துடைக்கிறது, பிரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் பேஷன்ட்டுக்குப் பக்கத்தில நிக்கிற மகளோ மனுசியோ செய்வாங்க. ஏதும் பிழைச்சா உடனே ஹவுஸ் ஒஃபிசருக்கு ஃபோன். இந்தப் பழக்கத்தோட போய் சோதனையில இருந்தா, 'டொக்டருக்கு அறிவிப்பேன்' எண்ட விடை எப்பவும் சரி மாதிரி தெரியும், 'உதவியாளருக்குக் குடு' எண்டா எதக் குடுக்கிறது எண்டு கை நடுங்கும். சோதனையில வாற ஆஸ்பத்திரி வேற, அங்க ஆள்கள் போதுமான அளவு இருக்கு, சாமான் எல்லாம் இருக்கு, டொக்டரிட ஓடர் ஏற்கனவே இருக்கு எண்டு எடுத்துக்கொள்ளணும், உங்கட கையில அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கிற பேஷன்ட் மட்டும் தான். உங்கட வாட்டில ஆள் காணாது எண்ட கவலைய கேள்விக்குள்ள கொண்டு போகாதீங்க, அந்தக் கவலை நியாயமானது தான், ஆனா அங்க அது பிழையான விடைக்குத் தான் கூட்டிட்டுப் போகும்.

அந்த ஆஸ்பத்திரில மூண்டு தட்டு. மேல ஆர்.என்., அதுக்குக் கீழ எல்.பி.என்., அதுவும் லைசன்ஸ் உள்ள நேர்ஸ் தான், ஆனா படிப்புக் காலமும் அதிகாரமும் குறைவு, சில மாநிலத்தில எல்.வி.என். எண்டு சொல்லுவாங்க. அதுக்கும் கீழ யு.ஏ.பி., லைசன்ஸ் இல்லாத உதவியாளர், எங்கட அட்டென்டன்ட விட கொஞ்சம் கூடப் பயிற்சி எடுத்த ஆள் எண்டு மனசில வைச்சுக்கொள்ளலாம். எல்.பி.என். என்ன செய்யலாம் எண்டது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனா சோதனை பொதுவான அளவத் தான் கேக்கும், ஒரு மாநிலத்தில மட்டும் இருக்கிற சலுகைய நினைச்சு மண்டையக் குழப்பிக்கொள்ளாதீங்க.

கல்யாண வீட்டுச் சமையல யோசிச்சுப் பாருங்க. வெங்காயம் உரிக்க, தேங்காய் திருவ, இலை துடைக்க யார் வந்தாலும் விடலாம், ஓரளவு பழகின ஆளிட்ட அடுப்பில கிடக்கிற பருப்பக் கிண்டவும் குடுக்கலாம், ஆனா உப்புப் பாத்து இது காணும், இது காணாது எண்டு சொல்லுறது தலைச் சமையல்காரர் தான், கறி பழுதாப் போனா பேச்சு வாங்குறதும் அவர் தான், வெங்காயம் உரிச்ச பொடியன் இல்ல. வேலையக் குடுத்தாலும் பொறுப்பு ஆர்.என்.-ட்ட தான் நிக்குது எண்டத சோதனை நூறு விதமாக் கேக்கும்.

யு.ஏ.பி.-க்குக் குடுக்கக்கூடாதது எது எண்டத முதல்ல பிடிச்சுக்கொள்ளுங்க, அது மூண்டே மூண்டு தான்: மதிப்பிடுறது, படிப்பிக்கிறது, செஞ்ச சிகிச்சை வேலை செஞ்சுதா எண்டு பாக்குறது. இந்த மூண்டும் இல்லாத, ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யுற வேலை, நடுவில முடிவெடுக்கத் தேவையில்லாத வேலை, நிலமை சீரா இருக்கிற பேஷன்ட் எண்டா குடுக்கலாம். குளிப்பாட்டுறது, கட்டில் விரிப்பு மாத்துறது, நடக்க வைக்கிறது, பி.பி. பாக்குறது, நிறை பாக்குறது, எவ்வளவு குடிச்சார் எவ்வளவு மூத்திரம் போச்சு எண்டு அளந்து எழுதுறது, இதெல்லாம் அந்த வகை. மருந்து குடுக்கிறது இல்ல, அத சோதனையில மறந்தும் குடுக்காதீங்க.

ஒரு கேள்விய எடுத்துப் பாப்பம். நாலு வேலை இருக்கு, யு.ஏ.பி.-க்கு எதக் குடுப்பீங்க? ஸ்ட்ரோக் வந்து நேத்து அட்மிட் ஆன அம்மாவுக்கு முதல் தடவையா சாப்பாடு தீத்துறது. ஒபரேஷன் முடிஞ்சு பத்து நிமிஷத்துக்கு முன் தியேட்டரால வந்த ஆளிட பி.பி. பாக்குறது. இதய பலவீனம் உள்ள, நிலமை சீரா இருக்கிற ஐயாவிட காலை நிறையப் பாக்குறது. புதுசா சீனி வருத்தம் கண்டுபிடிச்ச ஆளுக்கு இன்சுலின் ஊசி போடக் காட்டிக் குடுக்கிறது.

எங்கட ஊர்ப் பழக்கத்தில முதலாவது ஒண்டும் பெரிய வேலை இல்ல, சாப்பாடு தீத்துறது தானே, வீட்டு ஆக்களே செய்வாங்க. ஆனா ஸ்ட்ரோக் வந்த ஆளுக்கு விழுங்க ஏலுமா எண்டு இன்னும் ஒருத்தரும் பாக்கேல்ல, புரைக்கேறினா நுரையீரலுக்குள்ள போகும், அப்ப அது சாப்பாடு இல்ல, மதிப்பீடு. ரெண்டாவது பி.பி. தானே எண்டு தோணும், ஆனா வேலையிட பேர மட்டும் பாத்தா பிழைக்கும், பத்து நிமிஷத்துக்கு முன் தியேட்டரால வந்த ஆள் எந்த நேரமும் மாறக்கூடிய ஆள், அந்த பி.பி. பாக்கேக்க நிறம், முழிப்பு, காயக் கட்டில இரத்தம் ஊறுதா எல்லாம் சேத்துப் பாக்கணும், அது ஆர்.என். வேலை. இதே பி.பி. மூண்டாம் நாள் நடந்து திரியுற ஆளுக்கு எண்டா தாராளமா யு.ஏ.பி. பாக்கலாம். நாலாவது படிப்பிக்கிறது, சரி வராது. விடை மூண்டாவது.

இங்க தான் நிறைய பேர் அடுத்த அடிய விட்டுடுறாங்க. அமெரிக்க நேர்ஸிங் அமைப்புகள் வேலை ஒப்படைக்கிறதுக்கு 'ஐந்து சரி' எண்டு வைச்சிருக்கு: சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. முதல் மூண்டத் தான் எல்லாரும் படிக்கிறாங்க, நாலாவது தான் சோதனையில கண்ணுக்குத் தப்புறது. அந்த ஐயாவிட நிறையப் பாக்கச் சொல்லேக்க 'ஐயாவிட நிறையக் கொஞ்சம் பாருங்க தங்கச்சி' எண்டு சொன்னா அது அரைகுறை. 'காலையில சாப்பிட முதல், பாத்ரூம் போயிட்டு வந்த பிறகு, நேத்துப் பாத்த அதே தராசில, அதே மாதிரி உடுப்போட பாருங்க, பாத்த உடன எழுதுங்க, நேத்தையான்ட விட ஒரு கிலோ கூடி இருந்தா இல்லாட்டி ஐயா முட்டுது எண்டு சொன்னா நிண்ட நிலையில என்னட்ட வந்து சொல்லுங்க' எண்டு சொன்னாத் தான் சரியான அறிவுறுத்தல். என்ன செய்யுறது, எப்ப செய்யுறது, எந்த அளவு வந்தா சொல்லுறது, மூண்டும் அதுக்குள்ள இருக்கு. ஒரு நாள்ல ஒரு கிலோ கூடினா அது கொழுப்பு இல்ல, உடம்பில தண்ணி தங்குது, அது என்னத்தக் காட்டுது எண்டு யோசிக்கிறது உங்கட வேலை, அளக்கிறது மட்டும் தான் அவங்கட வேலை. நாலு விதமாச் சொன்ன அறிவுறுத்தல்ல சரியானது எது எண்டு கேள்வி வந்தா, 'ஏதும் மாத்தம் இருந்தா சொல்லுங்க' எண்ட விடைய விடுங்க, எது மாத்தம் எண்டு தீர்மானிக்கிற வேலைய அது உதவியாளரிட தலையில போடுது, அளவோட சொல்லுற விடையத் தேடுங்க.

அதோட சேத்து இன்னொரு வகை: யு.ஏ.பி. வந்து 'மூண்டாம் கட்டில் அம்மாவுக்கு பி.பி. 82/50' எண்டு சொல்லுறாங்க, முதல்ல என்ன செய்வீங்க? இன்னொருக்காப் பாருங்க எண்டு அவங்களத் திருப்பி அனுப்புற விடை இருக்கும், டொக்டருக்கு எடுக்குற விடை இருக்கும், சரியானது நீங்களே போய் அந்த அம்மாவப் பாக்குறது. அளவு ஒழுங்கில்லாம வந்த நிமிஷமே அந்த வேலை உங்கட கைக்குத் திரும்பி வந்திடும்.

எல்.பி.என். விஷயத்த ஒரே ஒரு சொல்லால பிடிக்கலாம், சீரான பேஷன்ட். அடுத்து என்ன நடக்கும் எண்டு ஓரளவு முன்கூட்டியே தெரிஞ்ச ஆள். வாயால குடுக்கிற மருந்து, தசையிலயும் தோலுக்குக் கீழயும் போடுற ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுறது, மூத்திரக் குழாய் போடுறது, ஆர்.என். ஏற்கனவே படிப்பிச்சத திரும்ப ஞாபகப்படுத்துறது எல்லாம் செய்வாங்க. அட்மிட் ஆன உடன செய்யுற முதல் மதிப்பீடு, முதல் தடவை படிப்பிக்கிறது, நரம்பில நேரா ஏத்துற மருந்து, இரத்தம் ஏத்தத் தொடங்குறது, துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்ட போறவருக்கு அறிவுரை சொல்லுறது ஆர்.என்.-ட்ட வைச்சுக்கொள்ளுங்க. நெஞ்சு நோவோட இப்ப தான் வந்த ஆள், இன்சுலின் சொட்டுச் சொட்டா ஏறிக்கொண்டிருக்கிற ஆள், இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிற ஆள், கால்ல நாள்பட்ட புண்ணோட மருந்து கட்ட இருக்கிற ஆள் எண்டு நாலு வந்தா எல்.பி.என்.-க்கு கால் புண் தான். வேற பிரிவில இருந்து ஒரு நாளைக்கு உதவிக்கு வந்த ஆர்.என்.-க்கு எந்த பேஷன்ட்டக் குடுக்கிறது எண்டும் கேக்கும், பிரசவ வாட்டால வந்த ஆள் எண்டா அவங்களுக்குப் பழகின மாதிரி, சீரான, சத்திரசிகிச்சை முடிஞ்சு ரெண்டு மூண்டு நாள் ஆன ஆளக் குடுக்கிறது நல்லம், அது பெரிசா யோசிக்கத் தேவையில்லாத வகை.

இனி முன்னுரிமை. எல்லாரும் பாடமாக்கி வைச்சிருக்கிறது ஏ.பி.சி., மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம். அது சரி தான், ஆனா அத மட்டும் வைச்சு ஓடினா சோதனை பிடிச்சுத் தள்ளிடும், ஏனெண்டா கேள்வி எழுதுறவங்களுக்கும் நீங்க ஏ.பி.சி. பாடமாக்கி இருக்கிறது தெரியும். ஒரு உதாரணம், டியூட்டி மாறி ஒப்படைப்பு முடிஞ்சிட்டு, நாலு பேர் உங்கட கையில.

ஒண்டு, கன வருஷமா சிகரெட் பத்தி சி.ஓ.பி.டி. எண்ட நாள்பட்ட நுரையீரல் வருத்தம் வந்த ஐயா, மூக்கால ரெண்டு லீட்டர் ஒக்சிஜன் போகுது, இரத்தத்தில ஒக்சிஜன் அளவு 90 வீதம், முன்னுக்குக் குனிஞ்சு இருந்து பக்கத்துக் கட்டில் ஆளோட கதைச்சுக்கொண்டிருக்கிறார். ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு முன் தைரொய்ட் ஒபரேஷன் முடிஞ்ச அக்கா, கழுத்துக் கட்டு இறுக்குது எண்டு சொல்லுறா, அடிக்கடி எச்சில் விழுங்குறா. மூண்டு, சிறுநீரகக் கல்லோட வந்த தம்பி, நோவு பத்துக்கு ஒன்பது, கட்டில்ல இருக்க ஏலாம உருளுறார். நாலு, சீனி வருத்தம் உள்ள அம்மா, சீனி 240, சாப்பாடு எப்ப வரும் எண்டு கேக்குறா.

ஏ.பி.சி. மட்டும் தெரிஞ்ச ஆள் ஐயாவிட்ட ஓடுவார், 90 எண்டது கண்ணில குத்தும். மனசு இளகின ஆள் தம்பியிட்ட ஓடுவார், அவர் தானே ஆகக் கூட சத்தம் போடுறார். ஆனா சி.ஓ.பி.டி. உள்ள ஆளுக்கு 88 இலிருந்து 92 வரைக்கும் தான் நாங்க எதிர்பாக்குறது, குனிஞ்சு இருக்கிறதும் அவங்கட வழக்கமான இருப்பு, முழு வசனமாக் கதைக்கிறார் எண்டா மூச்சு காணும். தைரொய்ட் அக்கா சத்தமே போடேல்ல, ஆனா கழுத்துக்குள்ள இரத்தம் கசிஞ்சு கட்டி மாதிரி தங்கி மூச்சுக்குழாய நெருக்கத் தொடங்குது எண்ட அறிகுறி அது, ஆறு மணித்தியாலத்தில வரக்கூடாத ஒண்டு. அவவிட்ட முதல்ல போகணும், போய் கட்டத் தூக்கிப் பாக்குறது மட்டும் காணாது, கழுத்துக்குப் பின்னால கையப் போட்டுத் தடவிப் பாக்கணும், படுத்திருக்கிற ஆளுக்கு இரத்தம் முன்னுக்குத் தெரியாம பின்னுக்கு வழிஞ்சு விரிப்பில ஊறி இருக்கும். தம்பியிட நோவு பொய் இல்ல, அவர் ரெண்டாவது ஆள், அவர விட்டுடச் சொல்லேல்ல.

அப்ப ஏ.பி.சி.-க்கு மேல இன்னொரு கேள்விய வைச்சுக்கொள்ளணும்: இந்த ஆளுக்கு, இந்த வருத்தத்துக்கு, இந்த நேரத்துக்கு இது எதிர்பாத்ததா இல்லையா? எதிர்பாத்த மோசமான அளவ விட எதிர்பாராத சின்ன மாத்தம் முக்கியம். இத நாங்க வெளியால இருந்து படிக்கத் தேவையில்ல, 2017-ல கிண்ணியாவிலயும் திருகோணமலையிலயும் டெங்கு பரவின நேரம் வாட்டில நிண்ட ஆக்களுக்கு இது கை வந்த விஷயம். காய்ச்சல் 40 இருக்கிற பிள்ளைய விட, நாலாம் அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டு, கை கால் குளிர்ந்து, 'இப்ப சுகம் மிஸ்ஸி' எண்டு சொல்லுற பிள்ளையிட்டத் தான் கண் இருக்கும். பி.பி. 110/70 இலிருந்து 100/80 ஆகுது, ரெண்டும் தனித்தனியாப் பாத்தா நல்ல அளவு, ஆனா மேலுக்கும் கீழுக்கும் இடையில 40 இருந்தது 20 ஆகிட்டு, இரத்தக் குழாயால தண்ணி கசியுது எண்டு அர்த்தம். ஒரு அளவ மட்டும் பாக்காம அது எங்க இருந்து எங்க போகுது எண்டு பாக்குற அந்தப் பழக்கம் தான் என்கிளெக்ஸுக்கும் வேணும். அங்க டெங்கு வாறது குறைவு, ஆனா தலையில அடிபட்ட ஆள் வருவார், பி.பி. 130/80, பிறகு 150/70, பிறகு 168/60, நாடி 88 இலிருந்து 70, பிறகு 54. இங்க இடைவெளி சுருங்கேல்ல, விரியுது, நாடி இறங்குது, மண்டைக்குள்ள அழுத்தம் கூடுது எண்டு அது சொல்லுது. டெங்கு அட்டவணையில கோடு கோடாக் குறிச்சுப் பழகின மிஸ்ஸிமாருக்கு இந்தக் கேள்வி லேசா இருக்கணும், எங்கட வாட்டுகள் தந்த படிப்பு அது, அத வெறும் உள்ளூர் அனுபவம் எண்டு ஒதுக்கி வைக்காதீங்க.

மாஸ்லோ எண்ட உளவியலாளரிட தேவைப் படிநிலையும் பாடத்தில வரும், 1943-ல அவர் எழுதினது, உடம்பிட தேவை முதல்ல, பாதுகாப்பு அடுத்தது, மனசு அதுக்குப் பிறகு எண்டு. பயந்து அழுற ஆளையும் மூச்சு முட்டுற ஆளையும் பக்கத்தில வைச்சுக் கேக்கேக்க அது உதவும், மத்த நேரம் பெரிசா உதவாது. ஆனா தன்னைத் தானே ஏதும் செய்யப்போறன் எண்டு சொல்லுற ஆள் இருந்தா அது மனசுப் பிரச்சினை எண்டு பின்னுக்குத் தள்ளாதீங்க, அது உயிர்ப் பாதுகாப்பு.

எல்லாருக்கும் ஆகக் கூட சந்தேகம் வாற இடம், முதல்ல மதிப்பிடுறதா இல்லாட்டி முதல்ல ஏதும் செய்யுறதா எண்டது. நேர்ஸிங் முறைல மதிப்பீடு தான் முதல் படி எண்டு படிச்சதால எங்க பாத்தாலும் 'மதிப்பிடுவேன்' எண்ட விடையத் தட்டுற ஆக்கள் இருக்கிறாங்க. கேள்விக்குள்ளயே மதிப்பீடு முடிஞ்சுதா எண்டு பாருங்க. 'தலை சுத்துது எண்டு பேஷன்ட் சொல்லுறார்' எண்டு மட்டும் இருந்தா உங்கட கையில ஒண்டும் இல்ல, பி.பி. பாருங்க. 'மோர்ஃபின் குடுத்த பிறகு மூச்சு நிமிஷத்துக்கு 8, தட்டி எழுப்பினாலும் முழிக்கிறார் இல்ல' எண்டு இருந்தா மதிப்பீட்ட அவங்களே முடிச்சுத் தந்திட்டாங்க, இனி திரும்ப எண்ணிக்கொண்டு நிக்க நேரம் இல்ல, மூச்சுப்பாதையத் திறந்து ஒக்சிஜன் குடுத்து உதவி கூப்பிட்டு மோர்ஃபின முறிக்கிற நலொக்சோனுக்குப் போகணும்.

'டொக்டருக்கு அறிவிப்பேன்' எண்ட விடையும் இதே மாதிரி. அறிவிக்கத் தான் வேணும், ஆனா ஃபோன் எடுக்க முதல் நீங்க செய்யக்கூடிய, செய்யாட்டி ஆள் மோசமாகிற ஏதும் இருக்கா எண்டு பாருங்க. இரத்தம் ஏத்தத் தொடங்கி பத்து நிமிஷம், பேஷன்ட் குளிருது, நாரி நோகுது எண்டு சொல்லுறார். ஃபோனுக்கு ஓடுற நேரமும் அந்தப் பிழையான இரத்தம் உள்ள போய்க்கொண்டு தானே இருக்கும். முதல்ல நிப்பாட்டணும். பிறகு புதுக் குழாயால நோர்மல் சேலைன் விட்டு நரம்பத் திறந்து வைக்கணும், பழைய குழாயால விட்டா அதுக்குள்ள கிடக்கிற இரத்தம் திரும்ப உள்ள போகும், அதுக்குப் பிறகு டொக்டருக்கும் இரத்த வங்கிக்கும் அறிவிக்கலாம். முதல் 15 நிமிஷம் ஆர்.என். பக்கத்தில நிக்கணும் எண்டு சொல்லுறது இதுக்காகத் தான், அந்த நேரத்து அளவுகள யு.ஏ.பி.-க்குக் குடுக்கிற விடை வந்தா அது பிழை எண்டு இப்ப உங்களுக்கே விளங்கும். எதுவும் செய்ய மிச்சம் இல்ல, மதிப்பீடும் முடிஞ்சு, ஓடர் ஒண்டு கட்டாயம் வேணும் எண்டா அப்ப டொக்டர் எண்ட விடை சரி வரும்.

கேள்வியிட கடைசி வரிய ரெண்டு தரம் வாசிங்க. 'ஃபர்ஸ்ட்', 'இனிஷியல்', 'பிரயோரிட்டி' எண்டு வந்தா நாலு விடையும் செய்ய வேண்டியதாவே இருக்கலாம், வரிசை தான் கேள்வி. 'மேலும் விளக்கம் தேவைப்படுற பேஷன்ட் சொன்னது எது' எண்டு வந்தா பிழையான வசனத்தத் தான் தேடணும், இதில களைச்சுப் போன நேரம் நிறைய பேர் சரியான வசனத்தத் தெரிஞ்செடுத்திடுறாங்க. அனர்த்தம் எண்டு கேள்வில ஒரு சொல்லு வந்தா வரிசையே தலைகீழாகும், வாட்டில ஆகக் கஷ்டமா இருக்கிற ஆளிட்ட முதல்ல போறம், ஆனா 2004 சுனாமி மாதிரி ஒரே நேரத்தில நூத்துக்கணக்கில ஆக்கள் வரேக்க உயிராபத்தில இருந்தாலும் உடனடி உதவியோட தப்பக்கூடிய ஆளுக்குத் தான் சிவப்பு நிறம், அதாவது முதல்ல பாக்க வேண்டிய ஆள், மூச்சுப்பாதையத் திறந்தும் மூச்சு வராத ஆளுக்குக் கறுப்பு, நடந்து வாற ஆளுக்குப் பச்சை. இந்த விடை மனசுக்குக் கஷ்டமா இருக்கும், அதனால தான் ஆக்கள் இதப் பிழை விடுறாங்க.

பயிற்சி எப்பிடிச் செய்யுறது எண்டு கேக்குறவங்களுக்கு நான் சொல்லுறது, ஒரு நாளைக்கு நூறு கேள்வி தட்டுறத விடுங்க, பதினைஞ்சு செய்யுங்க, ஆனா விடை சரியா வந்தாலும் பிழையா வந்தாலும் மிச்ச மூண்டு விடையையும் எடுத்து, இந்த ஆள் முதல் ஆளா வரணுமெண்டா என்ன மாறி இருக்கணும் எண்டு கொப்பியில எழுதுங்க. மேல சொன்ன கேள்வியையே எடுங்க. சி.ஓ.பி.டி. ஐயா முதல் ஆளா வரணுமெண்டா, கதைச்சுக்கொண்டிருந்தவர் இப்ப அரை நித்திரையில கிடக்கணும், கூப்பிட்டா குழம்பின பதில் வரணும். கல்லு வருத்தத் தம்பிக்கு காய்ச்சல் 39-ம் நடுக்கமும் வந்து மூத்திரமே போகாம இருக்கணும். சீனி அம்மாவுக்கு 240 இல்ல, 48 இருந்து, வேர்த்து, எங்க இருக்கிறன் எண்டு தெரியாம இருக்கணும். தைரொய்ட் அக்காவ பின்னுக்குத் தள்ளணுமெண்டா ஒபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆகி, விழுங்க ஏலுது, மூச்சு சீர், குரல் மட்டும் கொஞ்சம் கரகரக்குது எண்டு இருந்தாக் காணும். ஒரு கேள்விக்குப் பத்து நிமிஷம் போகும், போகட்டும், ரெண்டு பேர் சேந்து இருந்து ஒராள் மாத்தி மத்த ஆள் விடை சொல்லுற மாதிரி செஞ்சா இன்னும் நல்லம்.